நெல்லையில் ரூம் போடும் முன் அந்தத் தெருவை ராத்திரி ஒன்பதரைக்குப் பாருங்கள்

எங்கள் பூர்வீகம் முக்கூடல் பக்கம். தாத்தா வீட்டைச் சித்தப்பாமார் விற்றுப் பங்கு பிரித்து ஏழெட்டு வருடம் ஆகிறது, இப்போது திருநெல்வேலிச் சீமையில் எங்களுக்கென்று தலைசாய்க்க ஒரு திண்ணைகூடக் கிடையாது. ஆனால் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருக்க அம்மா விடமாட்டாள். அப்பா போன பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு, கல்லூரியில் படிக்கும் என் மகளும் வருவாள். ஆக மூன்று பெண்கள், சென்னையிலிருந்து, இரண்டு ராத்திரி மூன்று பகல், சொந்த ஊரில் லாட்ஜ் வாசம். சொந்தக்காரர் வீட்டில் தங்கலாமே என்றால், உத்திரத்தன்று அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே இருபது பேர் வரிசையாகப் படுத்திருப்பார்கள், பாத்ரூமுக்கு டோக்கன் கொடுக்காத குறைதான்.

இப்படி நான்கு தடவை நான்கு ஏரியாவில் தங்கியாயிற்று. இது அந்த நான்கு ஏரியாவைப் பற்றிய விமர்சனம். லாட்ஜ் பெயர் எதையும் எழுதப் போவதில்லை. மேனேஜர் மாறினால் லாட்ஜின் குணம் மாறிவிடும், தெருவின் குணம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

ஊர் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வரி. தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் திருநெல்வேலி, அந்தப் பக்கம் பாளையங்கோட்டை, இரண்டும் சேர்ந்து ஒரே மாநகராட்சி. நடுவில் இருக்கிற சுலோசன முதலியார் பாலம் 1843ல் திறந்தது, கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த முதலியார் கைக்காசு போட்டுக் கட்டியது, அதற்கு முன்னால் அக்கரை போகப் படகுதான். வெளியூர்க்காரர்கள் ரூம் தேடுகிற இடம் என்று பார்த்தால் ரயில்வே ஸ்டேஷனைச் சுற்றியிருக்கிற ஜங்ஷன், நெல்லையப்பர் கோயில் இருக்கிற டவுன், வண்ணாரப்பேட்டை, பாளை, அப்புறம் வேய்ந்தான்குளத்தில் இருக்கிற புதிய பஸ் ஸ்டாண்டுச் சுற்றுவட்டாரம், அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் "கோயிலுக்குப் பக்கம்", "ஸ்டேஷனுக்குப் பக்கம்" என்றெல்லாம் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். ராத்திரி திரும்பி வரும்போது அந்த வாசலில் இறங்க மனசு கூசாமல் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

இன்னொன்றையும் இப்போதே பேசிவிடலாம். என் ஆபீஸில் திருநெல்வேலி என்று சொன்னாலே ஒருத்தராவது கையை அரிவாள் மாதிரி வீசிக் காட்டிவிட்டுச் சிரிப்பார். சினிமா செய்த வேலை. சாதிச் சண்டையே இங்கே கிடையாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், பள்ளிக்கூடப் பையன் மணிக்கட்டில் கட்டுகிற கயிற்றின் நிறம் வரைக்கும் அது இறங்கியிருக்கிறது. 2023ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு அந்தக் கயிறுகளையே தடை செய்யச் சொன்னது. ஆனால் அது உள்ளூரில் ஆளுக்கு ஆள் தெரிந்தவர்களுக்குள் ஓடுகிற பகை. ரூம் போட்டு, கோயில் பார்த்து, அல்வா வாங்கிக்கொண்டு ரயில் ஏறுகிறவரை அது தேடி வருவதில்லை. நமக்கு நேரக்கூடியவை வேறு. குடித்துவிட்டு வாசலில் நிற்கிறவன், ஆளில்லாத சந்து, நாய், ஆடுகிற தாழ்ப்பாள், ரோட்டைக் கடப்பது. இதில் கடைசி விஷயத்தை யாரும் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

முதல் தடவை மாட்டிக்கொண்டது புதிய பஸ் ஸ்டாண்டுப் பக்கம். ஆப்பில் பார்த்தேன், "பஸ் ஸ்டாண்டிலிருந்து 400 மீட்டர்" என்று போட்டிருந்தது, வாடகையும் குறைவு, படத்தில் வெள்ளை வெளேர் என்று விரிப்பு. பஸ் ஸ்டாண்டைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ராத்திரி முழுக்க நாகர்கோவில் வண்டியும் மதுரை வண்டியும் வந்து போகும், கடை திறந்திருக்கும், குடும்பம் குடும்பமாகச் சாக்குப்பையும் பிள்ளைகளுமாக உட்கார்ந்திருப்பார்கள், விடிய விடிய நான் அங்கேயே பெஞ்சில் இருந்துவிடுவேன். அந்த 400 மீட்டர்தான் வினை. மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற கிளைச்சாலை, ஒரு பக்கம் காலி மனை, முழுக்க உடைமரம், மறு பக்கம் சுற்றுச்சுவர், நடுவில் ஒரே ஒரு டியூப்லைட் அணைந்து அணைந்து எரிகிறது. பகல் 2 மணிக்குப் பார்த்தபோது "ஊருக்கு வெளியே காத்தோட்டமா இருக்கு" என்றாள் அம்மா. ராத்திரி 10 மணிக்கு அதே வழியில் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை, என் முந்தானையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டால் கைக்கு லேசாக வருகிறது. குனிந்து பார்த்தேன். நான்கு திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது, மற்ற மூன்று துளையிலும் தீக்குச்சியை உடைத்துச் செருகி அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். கதவின் விளிம்பில் நிலைக்குப் பக்கத்தில் மரம் பிளந்து, மறுபடி ஒட்டுப்போட்ட தழும்பு. அதாவது இதற்கு முன்னால் யாரோ இந்தக் கதவை வெளியிலிருந்து உதைத்துத் திறந்திருக்கிறார்கள். சாவியை உள்ளே வைத்துவிட்டு வந்த ஏதாவது ஒரு மாப்பிள்ளை வீட்டாராகக்கூட இருக்கலாம், யார் கண்டது. ஆனால் அந்த நேரத்தில் நல்லதாக எதுவும் தோன்றவில்லை. கீழே போய்ச் சொன்னேன். மேஜையில் இருந்த பையன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுக்கா, சேரை அண்டக் கொடுத்துப் படுங்க" என்றான். அந்த யோசனைக்காக ஒரு ராத்திரிக்கு 1,100 ரூபாய் கொடுத்திருக்கிறேன். நாற்காலியை அண்டக் கொடுத்து, அதன் மேல் எவர்சில்வர் தூக்குவாளியை வைத்து, அதற்குள் இரண்டு டம்ளரையும் போட்டுப் படுத்தோம். விழுந்தால் சத்தம் கேட்குமே. மூன்று மணிக்குப் பூனையோ காற்றோ, டம்ளர் ஒரு தடவை கிணுங்கியது, அதோடு தூக்கம் போச்சு.

மறுநாள் டவுனில் ஒரு இரும்புக்கடையில் நுழைந்து, கதவுக்கு அடியில் செருகுகிற ரப்பர் கட்டை இருக்கிறதா என்று கேட்டேன். அண்ணாச்சி புரியாமல் பார்த்தார். "கதவுக்கு ஆப்பு வைக்கணும் அண்ணாச்சி" என்றதும், "கதவுக்கா, இல்ல வேற யாருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். 60 ரூபாய். அதற்கப்புறம் எங்கே போனாலும் அது என் பையில் வருகிறது. இந்த விமர்சனத்தில் முழு மார்க் வாங்குகிற ஒரே பொருள் அதுதான். லாட்ஜுக்கு ஐந்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் வெந்நீர் வந்ததற்காக. ஏரியாவுக்கு மூன்று கொடுக்கலாம், பஸ் ஸ்டாண்டு வாசலைப் பார்த்து இருக்கிற கட்டடமாக இருந்தால் மட்டும். உள்ளே தள்ளி என்றால் வேண்டாம்.

அடுத்த வருடம், பட்டது போதும் என்று நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் ஒரே குரலில் பாளையங்கோட்டை என்றார்கள். படிப்பாளிகள் ஊர், நூறு வருடப் பழமையான கல்லூரிகள், டாக்டர், வக்கீல், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சத்தமே இருக்காது, ராத்திரி நகை போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று. பெருமாள்புரம், மகாராஜ நகர், தியாகராஜ நகர் என்று அடுத்தடுத்து இருக்கிற குடியிருப்புகளில் ஒன்றில் முழு வீடாக ஆப் மூலம் எடுத்தோம். லாட்ஜே வேண்டாம், வீடு என்றால் கதவு கதவாக இருக்குமல்லவா.

கதவு அருமை. தேக்கு. பகலில் அந்தத் தெருவைப் பார்க்க வேண்டுமே, எட்டு மணிக்கெல்லாம் வாசல் தெளித்துக் கோலம், காம்பவுண்டுக்கு வெளியே செம்பருத்தியும் அரளியும், பையன்கள் சைக்கிளில் டியூஷன் போகிறார்கள், கீரைக்காரி பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போகிறாள். என் மகள் ரிட்டயர் ஆனதும் இங்கேயே வந்துவிடலாம் என்றாள், அவளுக்கு வயது பத்தொன்பது.

உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் பொங்கல் வைத்து, பூசை முடிந்து, பானையும் சருவச்சட்டியுமாக ஊர் திரும்ப ராத்திரி பத்தாகிவிட்டது. ஆட்டோக்காரர் தெருமுனையிலேயே நிறுத்தினார், உள்ளே தோண்டிப்போட்டிருக்கிறது, வண்டி போகாது என்று. தெரு அடங்கிவிட்டது. அந்தக் குடியிருப்புகளில் எட்டரைக்கெல்லாம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், பூட்டியதும் வாசல் லைட்டையும் அணைத்துவிடுவார்கள், கரண்ட் பில் பயம். தெருவிளக்கு இருக்கிறது, ஆனால் பகலில் நாங்கள் அழகு என்று போட்டோ எடுத்த வேப்பமரம் அதை முழுசாக மூடியிருந்தது. ஐந்தாறு நாய்கள். ஒன்று குரைத்தால் எல்லாம் எழுந்து வரும் சாதி. மகள் போன் டார்ச்சைப் பிடிக்க, நான் பொங்கப்பானையை முன்னால் நீட்டிக்கொண்டு, அம்மா "சாஸ்தா, சாஸ்தா" என்று சொல்லிக்கொண்டு, எண்பது அடி தூரத்தை ஒரு யுகமாக நடந்தோம். வீட்டுக்காரர் வேறு ஊரில் இருப்பவர், போன் அடித்தது, எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன செய்திருப்பார்?

அந்தத் தெருவில் குற்றம் என்று ஏதும் நடக்க வாய்ப்பே இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஏதாவது நடந்தால் கூப்பிட ஒரு ஆள் வெளியே இல்லை. வீடு நிறைய நல்ல மனுஷர்கள், எல்லாரும் பூட்டிய கேட்டுக்கு உள்ளே சீரியல் சத்தத்தில். அமைதியும் பாதுகாப்பும் ஒன்று என்று நாம் ஏன் நினைக்கிறோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் யோசனை வந்தது.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு ஆச்சி கேட்டருகே வந்து, "யாரு நீங்க? எந்த ஊரு?" என்றார். முக்கூடல் பக்கம் என்றோம். "அங்கன எந்தத் தெரு?" இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது தெருவைப் பற்றிய கேள்வி இல்லை என்று தெரியும். அம்மா சிரித்துக்கொண்டே, "தெருவெல்லாம் வித்தாச்சு ஆச்சி" என்று முடித்துவிட்டாள். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், நாங்கள் முந்தின ராத்திரி பட்ட பாட்டைக் கேட்டதும் அதே ஆச்சி, "என்னைக் கூப்பிட்டிருக்கலாம்லா" என்று தன் நம்பரைக் கொடுத்து, அன்று ராத்திரி நாங்கள் வந்து சேரும் வரை தன் வீட்டு வாசல் லைட்டை எரியவிட்டிருந்தார். அப்படி ஒரு ஆச்சி எதிர்வீட்டில் அமைந்தால் அந்த ஏரியாவுக்கு நான்கு. அமையாவிட்டால் இரண்டரை.

பாளையில்தான் தங்குவேன் என்று நிற்பவர்கள் உள்நகர்களை விட்டுவிட்டு முருகன்குறிச்சி மாதிரி மெயின் ரோட்டைப் பாருங்கள், இல்லையென்றால் ஹைகிரவுண்டு. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால் ராத்திரி ஒரு மணிக்கும் மெடிக்கல் ஷாப்பில் ஆள் நிற்கும், டீ கிடைக்கும், ஆட்டோ நிற்கும். ஆஸ்பத்திரிக்கு எதிரே தங்குவது மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்கிறவர்கள் உண்டு, சரி, அது அவரவர் பாடு.

மூன்றாவது தடவை ஜங்ஷன். திட்டமிட்டுப் போகவில்லை, உத்திர சீசனில் வேறெங்கும் ரூம் கிடைக்கவில்லை. அந்த வாரம் நெல்லை, தென்காசி, அம்பாசமுத்திரம் முழுக்க ஊர் திரும்புகிற கூட்டம், மாசியிலேயே பதிவு செய்யாதவருக்கு மிச்சம்தான் கிடைக்கும். அத்தை போனில் பதறினாள், "ஜங்சன்லயா? பொம்பளப் பிள்ளையக் கூட்டிக்கிட்டா?" என்று. எனக்கும் பயம்தான். போதாக்குறைக்கு வந்தே பாரத்தில் டிக்கெட் போட்டிருந்தேன், 2023 செப்டம்பரில் விட்ட அந்த வண்டி மத்தியானம் சென்னையில் கிளம்பி இங்கே வந்து சேர இரவு பத்தரையைத் தாண்டிவிடும்.

இறங்கிப் பார்த்தால் ஊர் முழித்திருக்கிறது. எங்களோடு இறங்கிய கூட்டமே ஒரு திருவிழாக் கூட்டம், அதில் பாதி குடும்பங்கள். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்கள், பக்கத்தில் இட்லிக்கடை, தட்டைக் கையில் வைத்து நின்றபடி சாப்பிடுகிற ஆட்கள், ஒரு பூக்காரம்மா மிச்சம் இருக்கிற பிச்சிப்பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். லாட்ஜுக்கு நடை ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் எங்களைக் கடந்து போனவர்கள் ஐம்பது பேர் இருக்கும், ஒருத்தரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அலட்சியம் எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? பாளையில் தெருவே எங்களை வேவு பார்த்தது, இங்கே நாங்கள் யாரோ.

சத்தம் உண்டு. ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருந்தது, ஒரு மணி வரைக்கும் ஹாரன், நாலு மணிக்கு மறுபடி ஆரம்பம். தூக்கம் வராமல் ஜன்னலருகே நின்றபோது கீழே டீக்கடை திறப்பதைப் பார்த்தேன். பெரியவர் ஒருத்தர் முதல் டீயைப் போட்டு, யாருக்கும் கொடுக்காமல், ரோட்டில் வீசி ஊற்றிவிட்டு, ரெண்டாவது டீயை ரோந்து வந்த போலீஸ்காரரிடம் நீட்டினார். அவர் பைக்கில் இருந்தபடியே குடித்தார். பயந்து முழித்திருப்பதற்கும் சத்தத்தில் முழித்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டு, இரண்டாவதில் ஒரு நிம்மதி கலந்திருக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டு இடித்துக் கட்டுகிற வேலையில் பல வருடம் அடைபட்டுக் கிடந்தபோது அந்தப் பக்கம் களையிழந்து போயிருந்தது, திறந்த பிறகு மறுபடி ஆள் நடமாட்டம் வந்திருக்கிறது, அதுவும் நல்லதுக்குத்தான்.

ஜங்ஷனில் ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இது எந்த ஊருக்கும் பொருந்தும். பக்கத்து டாஸ்மாக் எங்கே இருக்கிறது? கடை பகல் 12க்குத் திறந்து ராத்திரி 10க்கு மூடும். மூடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு அரைமணி நேரம் அந்த வாசலில் கூட்டமும் தள்ளுமுள்ளும் இருக்கும், பத்தே முக்காலுக்கு எல்லாம் கலைந்துவிடும். லாட்ஜ் அந்த வழியில் இருந்தால் ஒன்பதரைக்குள் ரூமுக்கு வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதினொன்றுக்கு வாருங்கள், நடுவில் வராதீர்கள். லாட்ஜிலேயே பார் வைத்திருக்கிறவர்களும் உண்டு. அப்படியானால் பாருக்கும் ரூமுக்கும் ஒரே படிக்கட்டா என்று கேட்டுவிடுங்கள். ஒரே படிக்கட்டு என்றால் நான் போகமாட்டேன், எவ்வளவு சலுகை கொடுத்தாலும் சரி.

ஜங்ஷனுக்கு நான்கு. ஒரு மார்க் குறைத்ததற்குக் காரணம் கொசுவும் பாத்ரூமும். ஆனால் இந்த நான்கு மார்க் வருடம் முழுக்கச் செல்லாது, ஐப்பசி கார்த்திகை மார்கழி மூன்று மாதத்துக்கு அதை அப்படியே ரத்து செய்துவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18ஐ இந்த ஊர்க்காரர்கள் மறக்கமாட்டார்கள். தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் என்று உள்ளே வந்துவிட்டது, கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே தண்ணீர். சிந்துபூந்துறையில் இருக்கிற என் அத்தை வீட்டில் ஜன்னல் கம்பி வரைக்கும் ஏறியது. மாடியில் இரண்டு ராத்திரி, பிரிட்ஜ் சமையல்கட்டில் மிதந்து கதவில் இடித்துக்கொண்டே இருந்ததாம், யாரோ தட்டுகிற மாதிரி. "தொண்ணூத்திரண்டுலயும் வந்துச்சு, ஆனா இவ்வளவு இல்ல" என்பாள். ஜங்ஷன் வேண்டாம் என்று எனக்குச் சொன்னவள் முப்பது வருடமாக அங்கேதான் குடியிருக்கிறாள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் வருகிறவர்கள் ஆற்றோரத்தை விட்டுவிட்டு மேட்டுப்பக்கம் போங்கள். ஹைகிரவுண்டு என்று வெள்ளைக்காரன் சும்மா பெயர் வைக்கவில்லை. எங்கே தங்கினாலும் தரைத்தள ரூம் எடுக்காதீர்கள், காரைக் கீழ்த்தளத்தில் நிறுத்தாதீர்கள்.

நான்காவதாகத் தங்கியது வண்ணாரப்பேட்டை, செல்லப்பாண்டியன் சிலை ரவுண்டானாவுக்கு அந்தப் பக்கம். ஜவுளிக்கடை, நகைக்கடை, பெரிய சாப்பாட்டுக்கடைகள் என்று தெற்கு பைபாஸ் ரோட்டில் வரிசையாக வந்துவிட்டன, தங்கும் இடங்களும் புதுசு. வாடகை ஜங்ஷனைப்போல ஒன்றரை மடங்கு, உத்திரத்துக்கு இரண்டு மடங்கு. கொடுத்த காசுக்கு வரவேற்பில் ஒரு பெண் இருந்தாள், அந்த ஒன்றிலேயே என் மகள் திருப்தியாகிவிட்டாள். இன்னொன்றும் கவனித்தேன், சாவியைக் கொடுக்கும்போது ரூம் நம்பரைச் சத்தமாகச் சொல்லாமல் சீட்டில் எழுதிக் காட்டினாள். முதல் லாட்ஜில் பையன், "மூணு லேடீஸ், எரநூத்தி நாலு" என்று மாடிக்குக் கேட்கிற மாதிரி கத்தியது ஞாபகம் வந்தது.

இங்கே நான் பயந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு, ரோடு. எதிர்ப்பக்கம் இருக்கிற ஓட்டலுக்குப் போய் இட்லி சாப்பிட வேண்டும் என்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும், பைபாஸ் வண்டிகள் யாருக்காகவும் நிற்பதில்லை. அம்மாவுக்கு முட்டு வலி, பாதி ரோட்டில் நின்றுவிட்டாள். டிராபிக் போலீஸ்காரர் ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்தி, "வாங்க ஆச்சி, பைய வாங்க" என்று கூட்டிப்போய் விட்டார். அதிலிருந்து வயதானவர்களோடு போனால், லாட்ஜ் இருக்கிற அதே பக்கத்தில் சாப்பாட்டுக்கடை இருக்கிறதா என்று பார்க்கிறேன். இன்னொரு குறை, கீழே மண்டபம், கல்யாண ரிசப்ஷன், ஸ்பீக்கர். வண்ணாரப்பேட்டைக்கு நாலரை கொடுக்கிறேன். ஆற்றை ஒட்டிய பக்கம் 2023ல் தண்ணீர் பார்த்ததுதான், மழைக்காலத்தில் அதையும் மனசில் வையுங்கள்.

டவுனில் தங்கியதில்லை, சுற்றியிருக்கிறேன். நெல்லையப்பர் கோயில், ரத வீதிகள், சாயங்காலம் இருட்டுக்கடை வாசலில் அல்வாவுக்கு நிற்கிற வரிசை எல்லாம் உண்டு, கடை அடைக்கிற வரைக்கும் தனியாக ஒரு பெண் தாராளமாக நடக்கலாம், கூட்டமே காவல். கார் கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் ஆகாது, ஆனித் தேரோட்டச் சமயம் என்றால் யாருக்குமே ஆகாது.

இப்போது நான் ரூம் போடுகிற முறையே மாறிவிட்டது. ஆப்பில் படம் பார்ப்பேன், நட்சத்திரத்தைப் பார்க்கமாட்டேன். ராத்திரி ஒன்பதரைக்குத்தான் லாட்ஜுக்குப் போன் போடுவேன், பகலில் யார் வேண்டுமானாலும் மரியாதையாகப் பேசுவார்கள். எத்தனை மணி அடித்து எடுக்கிறார்கள், எடுக்கிறவர் நிதானத்தில் இருக்கிறாரா, பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று பார்ப்பேன். "ராத்திரி மேஜையில யாரு இருப்பா?" என்று கேட்பேன், "இருப்பாங்கம்மா" என்று இழுத்தால் அங்கே ஆள் இல்லை என்று அர்த்தம். அத்தை பேரனைப் பைக்கில் அனுப்பி அந்தத் தெருவை வீடியோ காலில் காட்டச் சொல்வேன், அதற்கு அவனுக்கு ஒரு பரோட்டா சால்னா பாக்கி வைத்திருக்கிறேன். இப்படி அனுப்ப ஆள் இல்லாதவர்கள், மேப்பில் அந்தத் தெருவில் இருக்கிற கடைகள் எத்தனை மணிக்கு மூடுகின்றன என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

அடையாள அட்டை கேட்பார்கள், காட்டத்தான் வேண்டும், ஆதாரைக் கொடுப்பதானால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அரசாங்கமே தருகிறது. சென்னையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாகர்கோவில் போகிற வண்டிகள் சில ஊருக்குள் வராமல் நாலுவழிச்சாலையிலேயே போய், கேடிசி நகர்ப் பக்கம் இறக்கிவிட்டுவிடும், விடியற்காலை மூன்று மணிக்குப் பெட்டியோடு ஹைவேயில் நிற்பது நல்ல ஆரம்பம் கிடையாது. ஏறும்போதே ஊருக்குள் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் சுற்ற ஆட்டோவே வேண்டாம், சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021லிருந்து பெண்களுக்குக் காசு கிடையாது, ஜங்ஷனிலிருந்து எங்கேயும் போகலாம். ராத்திரிக்கு மட்டும் லாட்ஜ்காரர் சொல்கிற ஆட்டோ நம்பர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 112, பெண்களுக்கு 181, ரயிலுக்குள் 139, இந்த மூன்றும் அம்மா போனில்கூட இருக்கிறது.

இந்த உத்திரத்துக்கு மறுபடி ஜங்ஷனில் போட்டிருக்கிறேன், இரண்டாவது மாடி, இந்தத் தடவை பின்பக்க ரூம். ஒன்பதரைக்கு அங்கே ஆள் நடமாட்டம் இருக்குமா என்று கேட்டதற்கு அங்கிருந்த அண்ணாச்சி, "எக்கா, இங்க ஒன்பதரைக்குத்தான் ஊரே முழிக்கும்" என்றார். பை கட்டியாயிற்று. பொங்கப்பானை இருக்கிற பையில் அந்த ரப்பர் ஆப்பை வைத்ததற்கு அம்மா ஒரு பாட்டம் சண்டை போட்டாள், கண்ட கண்ட லாட்ஜ் தரையில் கிடந்ததைச் சாமி காரியத்தோடு சேர்ப்பாயா என்று. எடுத்துச் செருப்புப் பையில் போட்டிருக்கிறேன்.